பைய இழுங்க, சார்!

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெற்றோருக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்றுதான்: உட்காருவது. நாற்காலி கிடைத்தால் நாற்காலியில், கிடைக்காவிட்டால் சமுக்காளத்தில் உட்கார வேண்டும். தன் பிள்ளை மேடைக்கு வந்தால் கை தட்ட வேண்டும். அடுத்தவர் பிள்ளை வந்தால் செல்போனைப் பார்க்கலாம். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஊரில் அத்தனை பேரும் இதைச் சிரமமில்லாமல் செய்கிறார்கள். எனக்கு மட்டும் அது வரவில்லை.

எனக்கு முக்கூடலில் ஒரு சின்னக் கடை. மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பழுது பார்ப்பேன். (பார்ப்பேன் என்றுதான் சொன்னேன். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.) ஆனாலும் மனதுக்குள் நான் ஒரு எஞ்சினியர். என் மனைவி மெர்சி இதைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வது இது: "இவுக ஃபேனைச் சரி பண்ணினா ஃபேன் நல்லா சுத்தும். அன்னைக்கு லைட்டு எரியாது."

எங்கள் மகள் ரூத் அப்போது இரண்டாம் வகுப்பு. ஆற்றங்கரைக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, மூன்று டீச்சர், ஒரு வேப்பமரம். இப்படிப்பட்ட பள்ளியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதிலிருந்து சுவருக்கு வெள்ளையடிப்பது வரை எல்லாவற்றுக்கும் பெற்றோர்தான் வர வேண்டும். மாதக் கூட்டத்தில் கொசுவை அடிக்கக் கையைத் தூக்கினால்கூட ஒரு பொறுப்பு வந்து தலையில் விழும். நான் கொசு இல்லாமலேயே கையைத் தூக்குகிற ஆள்.

முதலில் ரூத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருட விழாவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சொல் சொல்ல வைத்தார்கள். முதல் பிள்ளை "அன்புடன்" என்றது. இரண்டாவது "அனைவரும்" என்றது. மூன்றாவது ரூத். அவள் சொல்ல வேண்டியது "வருக". மைக்கைப் பிடித்து "வ" என்றாள். பிறகு இன்னொரு "வ". அதற்கப்புறம் அழுகைதான். மறுநாளிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் 'வானா'. ஒரு வருடம் முழுக்க அந்தப் பெயரோடுதான் பள்ளிக்குப் போய் வந்தாள்.

தலைமையாசிரியை கனகமணி டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. இந்த வருடம் வரவேற்புரை முழுவதையும் ரூத்திடமே கொடுத்துவிட்டார். பத்து வரி. அதில் 'வ' மட்டும் எப்படியும் முப்பது இருக்கும்.

ஒரு மாதம் வீட்டில் ஒத்திகை. பயிற்சியாளர் நான். "என்ன நடந்தாலும் பேச்ச நிறுத்தக் கூடாது பாத்துக்கோ. கரண்டு போனாலும் சரி, பல்லி தலையில விழுந்தாலும் சரி, கடைசி வரி வரைக்கும் சொல்லி முடிச்சிரணும்" என்று தினமும் சொல்வேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒரு நாள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எப்பா, நீங்க மேடைக்கிட்ட வரக் கூடாது. கீழ உக்காரணும்."

"நான் என்னட்டி செய்யப் போறேன்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் சொல்லுதேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன். ஆனால் மேடைக்குப் பக்கவாட்டில் நிற்பது மேடைக்குக் கிட்டே வருவதாகுமா? அது ஆகாது என்று எனக்கு நானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

ஏனென்றால் அதற்குள் கூட்டத்தில் கையைத் தூக்கிவிட்டிருந்தேன். சிறப்பு விருந்தினராக வருபவர் பால்பாண்டி அண்ணாச்சி. இதே பள்ளியில் படித்து, சென்னைக்குப் போய் மளிகைக் கடை வைத்துப் பெரிய ஆளானவர். ரூத்தின் உரையில் ஒரு வரி இருந்தது: 'வருக வருக என மலர் தூவி வரவேற்கிறோம்.' சொல்லால் மட்டும் தூவினால் போதுமா? சரியாக அந்த வரி வரும்போது அண்ணாச்சியின் தலைக்கு மேலிருந்து நிஜமான பூ கொட்டினால் எப்படி இருக்கும்? சொன்னதும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். (மெர்சி மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அது நல்ல சகுனமில்லை.)

ஏற்பாடு ரொம்ப எளிது. மேடைக்கு மேலே குறுக்கே ஒரு மூங்கில். அதில் ஒரு துணிப்பையை வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டு, வாயைச் சுருக்கு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். முடிச்சிலிருந்து ஒரு கயிறு ஓரத்துக்கு வரும். இழுத்தால் முடிச்சு அவிழும். பூ கொட்டும். வீட்டில் பழைய தலையணைப் பஞ்சை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். பஞ்சு அழகாக இறங்கியது. அதைக் கூட்டி அள்ளத்தான் இரண்டு நாளாயிற்று.

கயிறு இழுக்க எனக்கு ஒரு உதவியாள் கிடைத்தார். ஸ்ரீதர் சார். வங்கியில் வேலை. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய மகனும் ரூத்தோடுதான் படித்தான். தங்கமான மனுஷர். எங்கள் பேச்சு மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் கூட்டத்துக்கு வந்தவரிடம் சத்துணவு ஆயா, "சார், அங்கன போய் இருங்க" என்று மரத்தடியைக் காட்டியிருக்கிறார். 'அங்கன' என்றால் 'அங்கே'. இவர் நேராகப் பக்கத்திலிருந்த அங்கன்வாடிக்குப் போய், மூன்று வயதுப் பிள்ளைகளோடு அரைமணி நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சுண்டல்கூட வாங்கித் தின்றதாகக் கேள்வி. இது தெரிந்தும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் என் எஞ்சினியர் மூளை வேலை செய்கிறது.

"பாத்துக்கோங்க சார். வெள்ளைக் கயிறு திரைக்கு. பச்சைக் கயிறு பைக்கு. பச்சை, பை. ரெண்டும் பானா. மறக்கவே மறக்காது."

"சூப்பர் சார். பைன்னா பச்சை" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

திரையையும் இழுக்க வேண்டியிருந்தது. அது கிறிஸ்துமஸ் நாடகத்துக்காக எங்கள் சர்ச்சில் வைத்திருந்த பழைய நீலத் திரை. அதன் வளையங்களில் ஒன்று பாதியில் மாட்டிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் திரையோடு மூங்கிலும் வந்துவிடும். ஆகவே நிதானமாக இழுக்க வேண்டும். இதை ஸ்ரீதர் சாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். நான்தானே திரையை இழுக்கப் போகிறேன் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

இனி பைகளின் கதை. அந்த வருடம் விழாவோடு சிறுதானிய விருந்தும் இருந்தது. அம்மாமார்கள் பள்ளிக்குப் பின்னால் அடுப்புக் கூட்டி, எல்லாருக்கும் கேப்பைக் கூழ் கிண்டுவதாக ஏற்பாடு. அதற்கு மெர்சி பொறுப்பு. கேழ்வரகை எங்கள் பக்கம் கேப்பை என்போம். அவள் அதைக் கல் பொறுக்கி, அரைத்து, சலித்து, மாவை ஒரு மஞ்சள் பையில் கட்டி அலுவலக அறை மேசைமேல் வைத்தாள். நான் நெல்லை பூ மார்க்கெட்டிலிருந்து செவ்வந்தியும் பன்னீர் ரோஜாவும் வாங்கிவந்து, இதழ் இதழாக உதிர்த்து, ஒரு மஞ்சள் பையில் கட்டி அதே மேசைமேல் வைத்தேன். இரண்டு பையிலும் 'ஷெரின் – பிரவீன்' என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. கனகமணி டீச்சர் மகள் கல்யாணத்தில் கொடுத்த பை. அந்த வருடம் எங்கள் ஊரில் எந்த வீட்டு ஆணியில் பார்த்தாலும் ஷெரினும் பிரவீனும்தான் தொங்கினார்கள்.

மேசையிலிருந்து பையை எடுத்தபோது நல்ல கனமாக இருந்தது. பூ நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு டீச்சர், "ஒரு தடவ அவுத்துப் பாத்துருங்களேன்" என்றார். "சும்மா இருங்க டீச்சர், வாசம் போயிரும்" என்றேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணாச்சி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. வாசலில் ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர் பன்னீர்ச் செம்போடு நின்றார்கள். ஒருவர் தெளித்தால் போதும். எட்டுப் பேருமே ஒத்திகை பார்த்திருந்ததால் எட்டுப் பேரும் தெளித்தார்கள். அண்ணாச்சி ஆற்றில் ஒரு முங்கு போட்டு எழுந்தவர் மாதிரி மேடை ஏறி நடு நாற்காலியில் அமர்ந்தார். அவருக்கு நேர் மேலே ஷெரினும் பிரவீனும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரை மூடியிருந்தது. திரைக்கு முன்னால் மைக், மைக்குக்கு முன்னால் ரூத். ரெட்டைச் சடை, பட்டுப் பாவாடை, உள்ளங்கையில் வியர்வை. திரை நகர ஆரம்பித்ததும் பேச வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மேடை ஓரத்தில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். கீழே இருந்த சமுக்காளத்தைக் கண்ணாலேயே காட்டினாள். நான் தெரியாத மாதிரி வேறு பக்கம் பார்த்தேன்.

அப்போது பார்த்து ஒலிபெருக்கி 'கொய்ங்' என்று இரைந்தது. எஞ்சினியர் சும்மா இருப்பாரா? "சார், ரெண்டு கயித்தையும் பிடிங்க. நான் சத்தம் குடுப்பேன்" என்று சொல்லிவிட்டு மேடைக்கு எதிரே இருந்த ஆம்ப்ளிஃபயரிடம் ஓடினேன். ஒயரைத் தொட்டதும் இரைச்சல் நின்றது. அதே நொடியில் கனகமணி டீச்சர் கையைக் காட்டினார். ஸ்ரீதர் சார் வெள்ளைக் கயிற்றை இழுத்தார்.

திரை பாதி தூரம் வந்து நின்றது. அதே வளையம்! ஸ்ரீதர் சார் காலையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். மேலே மூங்கில் 'கிறீச்' என்றது.

"சார்! பைய இழுங்க!" என்று கத்தினேன்.

திருநெல்வேலியில் 'பைய' என்றால் மெதுவாக. பைய வா, பைய போ, சூடா இருக்கு பைய குடி. பிறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். ஆனால் வங்கி மாற்றல் உத்தரவில் இதையெல்லாம் எழுதி அனுப்புவதில்லை.

ஸ்ரீதர் சார் நம்ப முடியாமல் திரும்பிப் பார்த்தார். "இப்பவேவா சார்?"

"ஆமா சார், இப்பவேதான்! பைய! பைய!"

வெள்ளைக் கயிற்றை விட்டார். அவர் உதடு 'பைன்னா பச்சை' என்று முணுமுணுத்தது அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரிந்தது. கை பச்சைக் கயிற்றுக்குப் போனது.

"ஐயோ, பைய இல்ல சார்! பைய!"

அந்த வாக்கியத்தை நீங்களே ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஸ்ரீதர் சார்மீது எந்தத் தப்பும் இல்லை என்பது விளங்கும். அவர் இழுத்தார்.

என் ஆயுளில் நான் செய்த பொருள்களிலேயே முதல் தடவை சரியாக வேலை செய்தது அந்த முடிச்சுதான். ஒரே அவிழ்ப்பில் முழுவதும் இறங்கியது. பூவாக இருந்திருந்தால் மிதந்து வந்திருக்கும். இது 'பொதேர்' என்று வந்தது. ஒரு நிமிடம் மேடையில் புகை மண்டலம். புகை அடங்கியபோது நடு நாற்காலியில் வேட்டி, சட்டை, மீசை எல்லாம் ஒரே பழுப்பு நிறத்தில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். பன்னீர் ஈரத்தில் மாவு நன்றாகப் பிடித்திருந்தது. இரண்டு கண்கள் மட்டும் மூடி மூடித் திறந்தன. பக்கத்து நாற்காலிக் கனகமணி டீச்சருக்கு வலது தோள்வரை பங்கு கிடைத்திருந்தது.

மைக்கில் ரூத்தின் குரல் மட்டும் கேட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் நடந்தது அவளுக்குத் தெரியாது. திரை நகர்ந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"அவையோர் அனைவருக்கும் என் அன்பு வணக்கம். எங்கள் அழைப்பை ஏற்று வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களின்..."

இந்த இடத்தில் திரும்பி, விருந்தினரைக் கையால் காட்ட வேண்டும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். திரும்பினாள். கை பாதியில் நின்றது. பேச்சும் நின்றது.

அவள் கீழுதடு லேசாகத் துடித்தது. போன வருடமும் அழுகைக்கு முன்னால் அந்த உதடு அப்படித்தான் துடித்தது. அண்ணாச்சி, மாவு, கனகமணி டீச்சர் எல்லாம் எனக்கு மறந்துபோனது. பிள்ளை ஒரு மாதமாகத் தூக்கத்தில்கூடச் சொன்ன பத்து வரியை ஒரு கயிற்றில் கட்டிக் கெடுத்துவிட்டேனே என்று மட்டும்தான் தோன்றியது. ஓடிப் போய்த் தூக்கிவிடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். அவள் என்னைப் பார்த்து 'வராதே' என்பது போல் தலையை ஆட்டினாள். எச்சிலை விழுங்கினாள். கையை முழுதாக நீட்டினாள்.

"...ஒளி பொருந்திய முகத்தைக் கண்டு எங்கள் உள்ளம் பூரிக்கிறது!"

கூட்டம் வெடித்தது. சமுக்காளத்தில் இருந்தவர்கள் சமுக்காளத்திலேயே உருண்டார்கள். ரூத் அசரவில்லை. சிரிப்புக்கு மேலே குரலை ஏற்றினாள்.

"தங்கள் வருகையால் எங்கள் பள்ளி இன்று புதுப்பொலிவு பெற்று விளங்குகிறது. தங்களை வருக வருக என மலர் தூவி வரவேற்கிறோம்!"

வருக! ஒன்றல்ல, இரண்டு! திக்கலில்லை, திணறலில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. (மாவுத் தூசி என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.)

ஆனால் அவள் அடுத்த வரிக்குப் போகவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அந்த வரியில் பூ விழும் என்று சொல்லியிருந்தேனே. பையின் மூலையில் ஒட்டியிருந்த கடைசிப் பிடி மாவு பொத்தென்று அண்ணாச்சியின் மடியில் விழுந்தது. ரூத் மைக்கிலேயே கேட்டாள்:

"எப்பா, பூவு எங்க?"

பதில் பள்ளிக்குப் பின்னாலிருந்து வந்தது. உலை கொதிக்கிறது, மாவைப் போடலாம் என்று பையை அவிழ்த்த மெர்சி, அதைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தாள். "ஏங்க! கேப்பை இருந்த இடத்துல பூவ வச்சிருக்கிய? இதயா நான் கூழு கிண்ட?" என்று கேட்டுக்கொண்டே மேடை ஓரத்துக்கு வந்து அண்ணாச்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"எம்மா, பூவு!" என்றாள் ரூத், கையை அண்ணாச்சி பக்கம் நீட்டி.

மெர்சி ஒன்றும் புரியாமல், சொன்னதைக் கேட்கும் பள்ளிப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். ஈர மாவில் பட்ட இதழ் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ரூத் திருப்தியோடு முன்பக்கம் திரும்பி, மீதி வரிகளையும் சொல்லி, "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அண்ணாச்சி எழுந்தார். மீசையில் இருந்ததை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். மைக்கைப் பிடித்தார்.

"யாரு அரைச்ச மாவு இது?"

மெர்சி பயந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

"நல்ல கேப்பைம்மா. ஒரு கல்லு இல்ல, மண்ணு இல்ல. சலிச்ச சலிப்பும் சுத்தம். என் கடைக்கே இப்படி வரமாட்டேங்கு." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "எத்தனையோ ஊருல மேடை போட்டுப் பூப் போட்டாவ. எந்த ஊருன்னு ஒண்ணும் நினைவில்ல. இத மறக்கணும்னா நான் நாலு நாளு குளிக்கணும்வே."

அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் உயிர் வந்தது. ரூத்தைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஏட்டி, இம்புட்டு நடக்குது, நீ பாட்டுக்குப் பேசுதியே. பயமா இல்லையா உனக்கு?"

ரூத் மைக்கில் நிதானமாகச் சொன்னாள்: "எங்கப்பா ஏதாவது செய்வாங்கன்னு எனக்குத் தெரியும்."

அன்றைக்குக் கூழ் இல்லை. எல்லாரும் பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார்கள். நான் வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கும், அங்கிருந்து சாத்தான்குளத்திலிருக்கும் என் மாமியார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்ரீதர் சார் ராத்திரியே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். 'பைய' என்றால் என்ன என்று விளக்கினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். மெர்சி அவருக்குக் காப்பி கொடுத்து, "கேப்பையில நெய் வடியுதுன்னு இவுக சொன்னா, கேக்குத உங்களுக்குப் புத்தி எங்க சார் போச்சு?" என்றாள். பிறகு அவர் சென்னைக்கே மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதும் ஆண்டு விழாச் சமயத்தில் தவறாமல் செய்தி அனுப்புகிறார்: 'சார், இந்த வருஷம் பையா, பையவா?'

மறுநாளிலிருந்து ரூத்தை யாரும் 'வானா' என்று கூப்பிடவில்லை. வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தே ஆக வேண்டும் போல. அவளை விட்ட பெயருக்குப் பதிலாக எனக்கு ஒன்று வந்தது. கடைக்கு மிக்ஸி கொண்டுவரும் பொடிசுகள்கூட, "கேப்பை மாமா, அம்மா இதச் சரி பண்ணி வைக்கச் சொன்னாங்க" என்கிறார்கள். நான் வீட்டில் திருப்புளியைக் கையில் எடுத்தால் போதும், உள்ளே இருந்து "எப்பா, பைய!" என்று ஒரு குரல் வரும். எந்தப் பைய என்று இதுவரை அவள் சொன்னதில்லை.

இப்போது ரூத் நான்காம் வகுப்பு. போன வாரம் இந்த வருட விழாவின் அழைப்பிதழைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். 'பெற்றோர் அனைவரும் அமர்ந்து கண்டுகளிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம்' என்று இருந்தது. 'அமர்ந்து' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பில் இரண்டு கோடு.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடமாகியும் மறக்கவில்லையே என்று, "என்னட்டி, உங்க டீச்சர் எல்லாருக்கும் இப்படிக் கோடு போட்டா குடுத்திருக்காவ?" என்று கேட்டேன்.

"டீச்சர் போடல" என்றாள் ரூத், சிவப்புப் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே.